எரியும் பனிக்கட்டியிலிருந்து மின்சாரம்

கேள்வி: கடலடியிலுள்ள மீத்தேன் ஹைட்ரேட்டை ஜப்பான் எடுத்துவிட்டதாமே? அதைக் கொண்டு எரிபொருள் மின்கலங்களை இயக்க முடியுமா?
– வாசகர், கரூர்

பதில்: மீத்தேன் ஹைட்ரேட் என்பது மீத்தேன் வாயுவைத் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் பனிக்கட்டி போன்ற பொருள், தீ வைத்தால் எரியும். ஜப்பான் அதை எடுத்தது உண்மைதான், தொடர்ந்து எடுக்கத்தான் முடியவில்லை. 2013 மார்ச்சில் 'சிக்யூ' என்னும் துளையிடும் கப்பல், ஜப்பானை ஒட்டிய நான்காய் கடற்பகுதியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்துக்கு அடியில், கடல்தரைக்கும் சுமார் 300 மீட்டர் கீழே மணலோடு உறைந்து கிடந்த ஹைட்ரேட்டிலிருந்து வாயுவைப் பிரித்தது. வெட்டி எடுக்கவில்லை, கிணற்று நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்ததும், நீர் மூலக்கூறுகளாலான கூண்டு குலைந்து, உள்ளே அடைபட்டிருந்த மீத்தேன் வெளியேறியது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கியிருப்பதால்தான் இத்தனை ஆவல். ஆனால் ஆறே நாளில், ஏறக்குறைய 1,20,000 கன மீட்டர் கிடைத்த நிலையில், கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றது. 2017-இல் மீண்டும் முயன்றபோதும் முதல் கிணற்றை மணல் விட்டுவைக்கவில்லை. (இவ்வளவு பெரிய கப்பலுக்கு எதிரி வெறும் மணல்!)

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எரிக்காமலே இணைத்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தை இந்த வாயுவால் இயக்கத் தடையேதும் இல்லை. ஜப்பானிய வீடுகளுக்காக 2009 முதல் விற்கப்படும் 'எனே-ஃபார்ம்' என்னும் எரிபொருள் மின்கலக் கருவி, குழாயில் வரும் எரிவாயுவை நீராவியுடன் வினைபுரியச் செய்து ஹைட்ரஜனைப் பிரித்து மின்சாரம் தருகிறது. மிஞ்சும் வெப்பத்தில் குளிக்க வெந்நீரும் கிடைக்கிறது. வாயு கடலடியிலிருந்து வந்ததா, கப்பலில் இறக்குமதியானதா என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆயினும் ஹைட்ரஜனைப் பிரிக்கையில் கரியமில வாயு வெளியேறுவதால், இதை 'மாசற்ற எரிபொருள்' என்று கொண்டாடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.