மாட்டுப் புழுவால் யானைக்கால் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால் வீக்கம். வீட்டில் இரண்டு மாடும் ஒரு நாயும் இருக்கின்றன. கறிக்கடையில் மாட்டு வயிற்றைத் திறந்தபோது வெள்ளையாக நூல் மாதிரி புழு இருந்ததாம். அதுதான் அம்மாவுக்கும் வந்திருக்கிறது, மாட்டை விற்றுவிடு என்கிறார்கள் தெருவில். விற்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: விற்காதீர்கள் அம்மா. கறிக்கடையில் பார்த்தது பெரும்பாலும் செட்டேரியா டிஜிடேட்டா என்ற புழுவாக இருக்கும். யானைக்கால் புழுவுக்கு அது பங்காளி முறைதான், இரண்டும் ஃபைலேரியா என்னும் நூல்புழு வகை, இரண்டையும் கொசுதான் பரப்புகிறது. ஆனால் செட்டேரியா மாட்டின் வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே, பெரும்பாலும் மாட்டுக்குத் தொந்தரவு தராமல் கிடக்கும். நம் ஊரில் யானைக்காலுக்குக் காரணமான உச்செரேரியா பான்கிராஃப்டி வேறு. அது மனிதனின் நிணநீர்க் குழாய்களில் குடியிருப்பது, மாட்டிலோ நாயிலோ வளராது. ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து கொசு வழியாக இன்னொரு மனிதருக்குப் போகும், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் அந்த மாட்டுப் புழுவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மனிதப் புழுவை ஆய்வுக்கூட எலிகளில் வளர்க்க முடியாததால், நம் நாட்டு ஆய்வாளர்கள் பலர் இறைச்சிக் கூடங்களிலிருந்து செட்டேரியாவை எடுத்து வந்துதான் மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

வெள்ளாடு வைத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. மாட்டிலிருந்து இந்தப் புழுவின் குஞ்சு கொசு வழியாக ஆட்டுக்குள் போனால் வழி தவறித் தண்டுவடத்தில் புகுந்துவிடும், பின்னங்கால்கள் விழுந்துவிடும். ஆடு திடீரென்று எழ முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாயிடமிருந்தும் ஒரு புழு, டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ், கொசுக்கடியால் எப்போதாவது மனிதருக்கு வரும். தோலுக்கடியில் ஒரு கட்டியாகவோ கண்ணின் வெள்ளைப் பகுதியில் நெளிவதாகவோ தெரியும், மருத்துவர் எடுத்துவிடுவார். அதனால் யானைக்கால் வராது.

அம்மாவின் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சின்ன வெடிப்பு, புண் வந்தாலும் உடனே மருந்து போட வேண்டும், ஏனென்றால் அந்த வழியாக நுழையும் கிருமிகள்தான் குளிர்காய்ச்சலையும் வலியையும் கொண்டுவந்து ஒவ்வொரு முறையும் வீக்கத்தைக் கூட்டிவிட்டுப் போகின்றன. இதை வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் அம்மாவின் அவதி நிச்சயம் குறையும்.

கேள்வி: யானைக்கால் பரிசோதனை என்று எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டி விரலில் ரத்தம் எடுக்கிறார்கள். பகலில் எடுத்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், வேலூர் சைதாப்பேட்டை

பதில்: ஆகாது, அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் விரல் நுனி ரத்தத்துக்கு அதிகமாக வருகின்றன. நம் சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். 1872-ல் கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைப் பார்த்தார். 1877-ல் சீனாவில் பேட்ரிக் மேன்சன், இவை கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். கொசு ஒரு மனித நோயைச் சுமக்கிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான், மலேரியாவையும் கொசுதான் பரப்புகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது பகலிலேயே செய்யக்கூடிய பரிசோதனைப் பட்டையும் வந்திருக்கிறது, ஆனால் ரத்தத்தில் குஞ்சு ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க ராத்திரி ரத்தம்தான் வேண்டும்.

கேள்வி: எனக்கு ஒரு நோயும் இல்லை. வீடு தேடி வந்து யானைக்கால் மாத்திரை கொடுத்தால் நான் எதற்கு விழுங்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: கால் வீங்காத ஆள்தான் இந்த நோயை அதிகம் பரப்புகிறார். ரத்தத்தில் குஞ்சுகள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. தாய்ப்புழு ஐந்தாறு வருஷம் உயிரோடிருந்து குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். டி.இ.சி. மாத்திரை குஞ்சுகளை நன்றாகக் கொல்லும், தாய்ப்புழுவில் எல்லாவற்றையும் கொல்லாது, அதனால்தான் வருஷா வருஷம் எல்லோருக்கும் கொடுத்தார்கள். கூடவே அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை, சில மாவட்டங்களில் ஐவர்மெக்டின். இந்த ஐவர்மெக்டின் முதலில் மாடு, குதிரைகளுக்கு வந்த மருந்து. ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. சடோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-ல் நோபல் வாங்கினது இதற்காகத்தான்.

விழுங்கிய பிறகு லேசான காய்ச்சல், தலைவலி வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது உள்ளே குஞ்சுகள் சாவதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் சாப்பிடக் கூடாது. மற்றவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாடு ஆனதும் கொடுப்பவர் எதிரிலேயே விழுங்குங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தால் அது அங்கேயே கிடக்கும், கொசுவும் கடித்துக்கொண்டே இருக்கும்.