டாட் இன் போதுமா?

கேள்வி: உடன்குடியில் பனங்கருப்பட்டி விற்கிறோம். இணையதளம் தொடங்கப் போகிறோம். நினைத்த பெயரில் டாட் காம் முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். டாட் இன், டாட் ஸ்டோர் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகி, உடன்குடி

பதில்: டாட் இன் வாங்குங்கள் அம்மா. வாங்குபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் இருக்கிறார்கள். டாட் இன் முகவரியை இந்தியாவுக்கான தளம் என்றே கூகுள் எடுத்துக்கொள்ளும். இங்கே தேடுபவர்களிடம் அது உங்களுக்குச் சாதகம். சிங்கப்பூர்க்காரர்களுக்கும் தளம் திறக்கும், கவலை வேண்டாம். சிங்கப்பூருக்கான டாட் எஸ்ஜி வாங்க அங்கே உள்ளூர் முகவரியுள்ள தொடர்பாளர் வேண்டும். இப்போதைக்கு அந்தச் சிரமம் எதற்கு?

அதற்கு முன் ஒரு வேலை. அந்த டாட் காமைத் திறந்து பாருங்கள். அங்கேயும் கருப்பட்டி விற்றால் பெயரையே மாற்றிவிடுங்கள். பழக்கத்தில் டாட் காம் என்று தட்டுபவர்கள் நிறைய. உங்கள் ஆர்டர் அங்கே போய்விடும்.

டாட் ஸ்டோரில் முதல் வருட விலையை நம்பாதீர்கள். புதுப்பிக்கும் கட்டணம் பல மடங்கு இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழிலேயே 'டாட் இந்தியா' முகவரியும் உண்டு. எனக்கு அதில் தனிப் பிரியம். ஆனால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில நேரம் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். இரண்டாவதாக வாங்கி, டாட் இன்னுக்குத் திருப்பிவிடுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் தளம் செய்து தருபவர் பெயரில் வேண்டாம். உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள்.