எண்ணெயை நிறுத்தலாமா, சத்து மாத்திரையை எப்போது போடலாம்? வாசகியர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

ஸ்கேனில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்றார்கள். அன்றிலிருந்து எண்ணெய், நெய், கடலை, தேங்காய் எதையும் தொடுவதில்லை. ராத்திரிக்கு வெள்ளரிக்காய் மட்டும்தான். எடை குறைந்தது, ஆனால் நாலு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. இன்னும் கொழுப்பைக் குறைக்கணுமா?
– கல்லூரி மாணவி, செல்லூர்

குறைக்காதீர்கள், கூட்டுங்கள். பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொலஸ்ட்ராலில் இருந்துதான் உருவாகின்றன. அதைக் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும் என்பதால் நெய்யை அள்ளிக் குடிக்க வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது வேறு. சாப்பாடு ஒரேயடியாகக் குறைந்தால், சினைப்பையை வேலை செய்யச் சொல்லும் சமிக்ஞையை மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் அடக்கிவிடும். கருமுட்டை வெளிவராது, மாதவிலக்கும் நின்றுபோகும்.

இந்த நாலு மாதத் தாமதம் பிசிஓடியாலும் வரலாம், பட்டினியாலும் வரலாம். எது என்று மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் தள்ளிப்போனாலே பார்த்துவிட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகளும் தேவைப்படலாம்.

பிசிஓடியில் முதலில் கைவைக்க வேண்டியது சர்க்கரையிலும் மைதாவிலும். பரோட்டா, பேக்கரி பண்டம், தினமும் ஒரு ஜிகர்தண்டா, இவற்றைத்தான் குறைக்கணும். காலையில் இரண்டு இட்லி, கெட்டியான கடலைச் சட்னி, ஒரு முட்டை. மதியம் சோறு அளவாக, பருப்பும் பொரியலும் தாராளமாக. ராத்திரி கேப்பைத் தோசை, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டே சுடுங்கள். எடை கூடுதலாக இருக்கிறவர்களுக்கு அதில் 5 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்பு உண்டு. 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. அதற்குப் பட்டினி வேண்டாம்மா.

செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுகிறோம். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் ஆகிறது. பரவாயில்லையா?
– இல்லத்தரசி, அலங்காநல்லூர்

செக்கில் ஆட்டினாலும் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து டீஸ்பூன் போதும். நாலு பேருக்கு மாதம் மூன்று லிட்டரில் நின்றுகொள்ளுங்கள். நல்லெண்ணெய், கடலெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் ஒமேகா-6 என்ற கொழுப்பு நிறைய, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். அதற்கு வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை, வறுக்காமல் குழம்பாக வையுங்கள். விலை குறைந்த மீன் என்று மத்தியை ஒதுக்கிவிட்டு மாத்திரைக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சைவம் என்றால் வறுத்துப் பொடித்த ஆளி விதை, தினம் ஒரு ஸ்பூன்.

எனக்கு 38 வயது. ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 8.5. முருங்கைக்கீரை தினமும் சாப்பிட்டும் ஏறவில்லை.
– திருமங்கலம்

கீரை நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏறாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது நாலரை மில்லிகிராம் அளவு, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாக உறிஞ்சும்.

சரி, சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற பழக்கம் இருக்கிறதா? சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது சுமார் 40 சதவீதம் குறைகிறது, டீ என்றால் இன்னும் மோசம். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் தடை அப்படியே இருக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதகமில்லை, இல்லையென்றால் இரண்டு மணி நேரம் தள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் கறிக்கடையில் சுவரொட்டி கேளுங்கள். ஆட்டின் மண்ணீரல், கருஞ்சிவப்பாக நாக்கு மாதிரி தட்டையாக இருக்கும். ஆட்டு உறுப்புகளில் இரும்புச்சத்து மிக அதிகமுள்ளவற்றில் ஒன்று, கீரையில் இருப்பதைவிட உடம்பில் நன்றாகவே சேரும். மிளகு, சின்ன வெங்காயம் போட்டு வதக்கி வாரம் ஒரு நாள் சாப்பிடலாம். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் வேண்டாம். நம் ஊர் வீடுகளில் இதை அப்பாவுக்கும் பையனுக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் அம்மா குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வாள். உங்கள் வீட்டில் முதல் துண்டு உங்கள் தட்டுக்கு வரட்டும்.

ஆனாலும் 8.5 என்பது சாப்பாட்டால் மட்டும் சரியாகிற அளவு இல்லை. மாத்திரை தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதைவிட முக்கியம், ஏன் இவ்வளவு போகிறது என்று பார்ப்பது. கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டியோ தைராய்டோ காரணமாக இருந்தால், ஒரு பக்கம் ஏற்றுவது மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய ரத்தக் கட்டிகளாகப் போனாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு மூன்றையும் மறக்காமல் இருக்கக் காலையில் ஒன்றாகப் போடலாமா? உப்பு, இந்துப்பு வாங்குகிறேன்.
– ஆசிரியை, மேலூர்

கூடாது. தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபியும் டிபனும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியமும் இரும்பும் அதிலிருந்து குறைந்தது நாலு மணி நேரம் தள்ளி, அவையும் தனித்தனி வேளையில். இந்துப்பில் சொல்லிக்கொள்ளும்படி அயோடின் இல்லை. அயோடின் சேர்த்த உப்புக்கே திரும்புங்கள்.

சீட் சைக்கிளிங் பலன் தருமா?
– வில்லாபுரம்

மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதை, பூசணி விதை, அடுத்த பாதியில் எள், சூரியகாந்தி விதை என்று பிரித்துச் சாப்பிட்டால் ஹார்மோன் சீராகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. விதைகளில் மக்னீசியமும் துத்தநாகமும் நிறைய. நாள் கணக்குப் பார்க்காமல் மாதம் முழுக்கச் சாப்பிடுங்கள்.

வயது 53, மாதவிலக்கு நின்றுவிட்டது. கால்சியத்துக்கு எள்ளுருண்டை போதுமா?
– உசிலம்பட்டி

போதாது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகக் கரையும். தேவை ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். 50 கிராம் கேப்பை மாவில் களி கிண்டினால் சுமார் 180, இரண்டு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 480, ஒரு கிண்ணம் தயிரில் 200க்குள், தோல் நீக்காத எள்ளில் பொடி செய்து ஒரு மேசைக்கரண்டி போட்டால் 100 சொச்சம். கீரையும் பருப்பும் சேர்ந்தால் கணக்கு நெருங்கிவிடும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பெரும்பாலும் போய்விடும், கறுப்பு எள்ளே வாங்குங்கள். உருண்டையில் வெல்லம் அதிகம், சர்க்கரை நோய் இருந்தால் பொடிதான் நல்லது.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது கொழுப்பில் கரைகிற சத்து. மருத்துவர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். கால்சியம் மாத்திரையும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், கூடுதலாகப் போட்டால் வீணாகத்தான் போகும்.