போல்ட் இறுகினால் முதலில் கேஸைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: டெக்ஸாஸில் வசிக்கிறேன். என் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு நானே தோட்டா நிரப்பிக்கொள்கிறேன். குளிர்காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ஆகஸ்ட் வெயிலில், அதே பவுடர் (வெடிமருந்து), அதே புல்லட் (தோட்டாவிலிருந்து பறக்கும் முனை), அதே பவுடர் அளவு. ஆனால் சுட்ட பிறகு, தோட்டா அறையை மூடும் தாழான போல்ட்டைத் தூக்கவே சிரமமாக இருக்கிறது. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிவிட்டது. தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸின் அடியில் பளபளப்பாக ஒரு வட்டத் தழும்பு. கேஸ் மட்டும்தான் வேறு; ரேஞ்சில் பொறுக்கிய ராணுவக் கேஸ். பவுடர் அளவு, தோட்டா நிரப்பும் மேனுவலின் (கையேடு) உச்சத்தைத் தாண்டவில்லை. கொஞ்சம் பவுடரைக் குறைத்தால் போதுமா? மிச்சத் தோட்டாக்களைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தொகுதியில் இன்னொரு தோட்டாவைக்கூடச் சுடாதீர்கள், எந்தப் பருவத்திலும்.

‘கேஸ் மட்டும்தான் வேறு’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். 7.62 நேட்டோ ராணுவக் கேஸும் உங்கள் .308 கேஸும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ராணுவக் கேஸின் சுவர் பொதுவாகத் தடிமன். அதனால் உள்ளே இடம் குறைவு. அதே பவுடர் குறுகிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் ஏறும். மேனுவலில் உள்ள உச்ச அளவு, அவர்கள் சோதித்த கேஸுக்கும் பிரைமருக்கும் புல்லட்டுக்கும் பொருந்துவது. ஒன்றை மாற்றினாலும் அந்த எண் உங்களுக்கு அரண் ஆகாது. சந்தேகமிருந்தால், சுட்ட கேஸ்களில் இரண்டு வகையையும் எடுத்து, பழைய பிரைமரோடே தண்ணீர் நிரப்பி எடை போட்டுப் பாருங்கள். எது எவ்வளவு கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

வெயில் அதன்மேல் ஏறிக்கொண்டது. பல பவுடர்கள் சூட்டில் வேகமாக எரியும். சில வகைகள் இதைக் குறைப்பதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன. தோட்டாப் பெட்டி பெஞ்சில் வெயிலில் கிடந்தாலோ, சூடேறிய சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) தோட்டாவை ஏற்றிவைத்துக் காத்திருந்தாலோ விளைவு இன்னும் மோசம். உச்சத்தை ஒட்டிய அளவில் அழுத்தம் சீராகக் கூடுவதில்லை. சிறு மாற்றத்துக்கே தாவி ஏறும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல. தட்டையான பிரைமரை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். சுட்ட கேஸைப் பழைய அளவுக்கு நெருக்கும் சைசிங் டையில், கேஸின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளியிருந்தால், மிதமான அழுத்தத்திலும் பிரைமர் தட்டையாகும். பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் துளை பெரிதாக இருந்தால், பிரைமரில் பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்பும்; அதுவும் பலரை ஏமாற்றும். ஆனால் வட்டத் தழும்பு வேறு கதை. கேஸ் அடியின் பித்தளை, போல்ட் முகப்பில், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பிதுங்கி, போல்ட் சுழலும்போது தேய்ந்ததன் அடையாளம் அது. அதோடு போல்ட்டும் இறுகினால் அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

.308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்துள்ள அழுத்த எல்லை 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பித்தளை இப்படித் தழும்பேறுவது பெரும்பாலும் அந்த எல்லையைக் கடந்த பிறகுதான். ஆகவே தழும்பு இல்லாவிட்டால் பத்திரம் என்று நினைப்பது பெருந்தவறு. புல்லட்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வாங்குங்கள். உங்கள் பேரல் நீளத்துக்கு மேனுவல் சொல்லும் வேகத்தைவிடப் புல்லட் வேகமாகப் போனால், அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்து வந்தது. கேஸ் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அளவைக் குறையுங்கள்.

இனி சரிபார்க்கும் வேலை. போல்ட் மூடும்போதே இறுகுகிறதா, சுட்ட பிறகு தூக்கும்போது மட்டுமா? சைஸ் செய்த வெறும் கேஸை ஏற்றிப் பாருங்கள். மூடும்போதே இறுகினால் சைசிங் போதவில்லை, அல்லது சேம்பரில் கரி படிந்திருக்கிறது. சேம்பரில் எண்ணெய் இருந்தால் துடைத்து உலர்த்துங்கள். கேஸின் நீளத்தை அளந்து பாருங்கள், 2.015 அங்குலத்தைத் தாண்டினால் கழுத்து சேம்பர் முனையில் முட்டி, புல்லட்டை இறுக்கிப் பிடிக்கும். புல்லட் பேரலின் வரிப்பள்ளத் தொடக்கத்தில் போய் முட்டும்படி உட்கார்ந்திருந்தாலும் அழுத்தம் ஏறும். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள். மின்விசிறிக் காற்றே டிஜிட்டல் தராசைப் பிசகவைக்கும். பவுடர் டப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐ.எம்.ஆர். 4895 வேறு, எச் 4895 வேறு. எண் ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல.

‘கொஞ்சம் குறைத்தால் போதுமா’ என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. மேனுவலின் தொடக்க அளவுக்கே இறங்குங்கள். ராணுவக் கேஸ் என்றால் அந்த மேனுவல் அதற்கென்று தரும் குறிப்பைப் பின்பற்றி, அங்கிருந்து படிப்படியாக ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நிரப்பிய மீதித் தோட்டாக்களைப் புல்லட்டைக் கழற்றும் கருவியான புல்லட் புல்லரால் பிரித்துவிடுங்கள்.

பொறுக்கிய கேஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது இயந்திரத் துப்பாக்கியின் தாராளமான சேம்பரில் சுடப்பட்டு நீண்டிருக்கலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கேஸுக்குள் விட்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவரை வருடுங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கேஸ் அடுத்த தடவை அங்கேயே அறுந்துபோகக்கூடும். தழும்பேறிய கேஸ்களில் புதுப் பிரைமர் தளர்வாக உட்கார்ந்தாலும் அதே முடிவுதான்: குறட்டால் வாயை நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள், யாரும் எடுத்து மறுபடி நிரப்பாதபடி.