சின்ன ரீஃப் தொட்டியில் சாஃப்ட் கோரல்களுக்கு நீரோட்டம் எவ்வளவு வேண்டும்?

கேட்டவரிடம் இருப்பது பவளம் வளர்க்கிற இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி. அதில் லெதர் கோரல், அதாவது குடை மாதிரி விரியும் மெத்தென்ற பவளம், ஒரு வாரமாக மூடியே கிடக்கிறது. தண்ணீரை ஓட வைக்கிற மோட்டாரான வேவ்மேக்கரைக் கூட்டுவதா குறைப்பதா என்கிறார். இதே அளவுத் தொட்டி, இதே லெதர், இதே குழப்பம் எனக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்தது. நான் கூட்டினேன். கூட்டியிருக்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 60 × 35 × 35 செ.மீ. தொட்டி என்றால் 73 லிட்டர் சொச்சம். பாறையும் மணலும் போக 60 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். சாஃப்ட் கோரல்களுக்கு மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல 10 முதல் 20 மடங்கு ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 600 முதல் 1,200 லிட்டர். கடையில் 'இருப்பதிலேயே சின்னது' என்று எடுத்துத் தரும் வேவ்மேக்கரிலேயே 3,000, 4,000 என்று போட்டிருக்கும். வேகத்தைக் குறைக்கிற கன்ட்ரோலர் இல்லாததை வாங்காதீர்கள். கணக்கு அவ்வளவுதான். அதே 1,000 லிட்டர் தீயணைப்புக் குழாய் மாதிரியும் பாயலாம், தொட்டில் மாதிரியும் ஆட்டலாம். கோரலுக்கு வேண்டியது இரண்டாவது.

என் லெதர் மூடிக்கொண்டபோது 'ஓட்டம் போதவில்லை' என்று முடிவுகட்டி, ஒரு சாண் தூரத்தில் வேவ்மேக்கரை ஒட்டி நேராக அதன் முகத்துக்குத் திருப்பி வைத்தேன். இரண்டாம் நாள் குடையின் ஓரம் ஒரு பக்கமாக மடிந்தது. நான்காம் நாள் மடிந்த இடத்தில் விரல்நகம் அளவுக்குச் சதை கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. உண்மையில் அது தோல் உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. லெதர் அவ்வப்போது, மேலே பூ மாதிரி விரிகிற குட்டிப் பாலிப்களை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆறிய பாலில் ஏடு படிகிற மாதிரி மேலே ஒரு மெழுகுப் படலத்தை விடும். பாசியும் அழுக்கும் அந்தப் படலத்தோடு போய்விடும். சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அந்த ஏட்டைக் கழற்றிக்கொண்டு போகத்தான் ஓட்டம் வேண்டும். சதையை அறைவதற்கு அல்ல.

பக்கத்து வீட்டு அங்கிள் அந்த வாரம் வந்திருந்தார். அவருடையது தாத்தா காலத்திலிருந்து கரைவலைக் குடும்பம். ஜூன், ஜூலையில் சாளைக் கூட்டம் கரையோரம் வந்தால் இந்த வயதிலும் வாளியோடு கிளம்பிவிடுவார். தமிழ் கொஞ்சம்தான் வரும். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடல் மாதிரி இல்லே, ஆறு மாதிரி ஓடுது" என்றார். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது!

அடுத்த மாதம் சொட்வானா விரிகுடாவுக்குப் போனேன். டர்பனிலிருந்து வடக்கே நாலைந்து மணி நேர ஓட்டம். 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பவளப்பாறைகள் கிட்டத்தட்ட அங்கே முடிகின்றன, அதற்குத் தெற்கே போகப் போகத் தண்ணீர் குளிர்ந்துவிடும். அங்கே பாறையைப் பெருமளவு மூடியிருப்பவை சாஃப்ட் கோரல்கள். நம் தொட்டியில் வளர்க்கிற லெதர் வகைகளின் சொந்தக்காரர்கள்தான். கடல் அடிக்கிற அடிக்கு அவை பிய்ந்துபோக வேண்டும், ஆனால் ஜம்மென்று நிற்கின்றன. அலை சில விநாடி கரைப்பக்கம் தள்ளுகிறது, ஒரு கணம் தயங்குகிறது, பிறகு கடல்பக்கம் இழுக்கிறது. கோரலும் கூடவே சாய்ந்து நிமிர்கிறது. எந்தப் பக்கமும் ஓயாமல் அடி வாங்குவதில்லை. (அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்துவரக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே வாங்குங்கள்.)

திரும்பி வந்ததும் வேவ்மேக்கரைப் பின்பக்க மேல் மூலைக்கு மாற்றி, எதிர்க் கண்ணாடியைப் பார்த்து லேசாக மேல்நோக்கித் திருப்பினேன். தண்ணீர் கண்ணாடியில் மோதி உடைந்து திரும்பும். மேற்பரப்பும் சிலுசிலுவென்று ஆடுவதால் ஆக்சிஜன் கலக்கும். பல்ஸ் முறையில் ஐந்து விநாடி ஓட்டம், ஐந்து விநாடி ஓய்வு. பாலிப்கள் காற்றில் நாற்றங்கால் அசைகிற மாதிரி அசைந்தால் சரி. புயலில் தென்னை சாய்கிற மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தே இருந்தால் அதிகம். பாலிப்களுக்கு நடுவே குப்பை உட்கார்ந்தால் குறைவு.

எல்லாக் கோரலுக்கும் ஒரே ஓட்டம் ஒத்துவராது. மஷ்ரூம் கோரலைக் கீழே, பாறை நிழலில் வையுங்கள், பலமான ஓட்டம் பட்டால் சுருண்டுவிடும். ஸோவா கோரலுக்கு நடுத்தரம். கிரீன் ஸ்டார் பாலிப் முரடு, எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். ஸீனியா கதையே தனி. அது கையை மூடித் திறப்பது உணவுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2013இல் செங்கடல் ஸீனியாக்களை வைத்து இஸ்ரேல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்த அசைவு உடலைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை விலக்கி ஒளிச்சேர்க்கையைப் பல மடங்கு கூட்டுகிறது என்று தெரிந்தது. ஓட்டம் மற்றக் கோரல்களுக்குச் செய்கிற வேலையை ஸீனியா தன் கையாலேயே செய்துகொள்கிறது.

ஓட்டம் எங்கே செத்துக் கிடக்கிறது என்று பார்க்க, மீன் தீனியாகப் போடுகிற குட்டி இறாலான ஆர்ட்டீமியாவை உறைந்ததாக வாங்கிக் கரைத்து ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். துணுக்குகள் எங்கே போய் உட்காருகின்றனவோ அங்கேதான் நாளைக்குச் செம்பழுப்புப் பாசி வரும். என் தொட்டியில் அது இடது பின் மூலை. பாறையை இரண்டு விரல் நகர்த்தியதில் தீர்ந்தது.

வேவ்மேக்கரை மாதம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஊறவைத்துத் தேயுங்கள். சுண்ணாம்பு படிந்தால் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், தினமும் பார்க்கிற நமக்குத் தெரியாது.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2022, 2023 மின்வெட்டுக் காலத்தில் எங்களுக்கு ஒரு நாளைக்கே பல தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். ஹீட்டர் நின்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. விளக்கு போனாலும் கவலையில்லை. ஓட்டம் நின்றால்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். 12 வோல்ட் டிசி வேவ்மேக்கர் வாங்கினால் ஒரு சின்ன பேட்டரியிலேயே ஓடும். இன்வெர்ட்டர்கூட வேண்டாம்.

சரி, உங்கள் லெதருக்கு வருகிறேன். தண்டு விறைப்பாக நின்று, நாற்றம் இல்லாமல், மேலே பளபளவென்று படலம் தெரிந்தால் வேவ்மேக்கரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு இன்னும் பத்து நாள் பொறுங்கள். உரித்துத் தள்ளிவிடாதீர்கள், தானாகப் போகட்டும். தண்டு கறுத்துக் கூழாகி அழுகல் வாடை வந்தால் அது தோல் உரிப்பு அல்ல. கையுறை போட்டுக்கொண்டு அழுகிய பகுதியை நல்ல சதை வரை வெட்டியெடுங்கள், அன்றைக்கே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கார்பனைப் புதிதாகப் போடுங்கள்.