குறைந்த மாவுச்சத்து உணவில் பழத்துக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: என் வயது 47. ஆறு மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்தது. மருத்துவர் மெட்பார்மின் மாத்திரையைக் கொடுத்து, உடல் எடையைக் குறைக்கச் சொன்னார். கடந்த 3 மாதங்களாக ஒரு நாளைக்கு 80 கிராமுக்குள் மாவுச்சத்து இருக்கும்படி சாப்பிட்டு, 5 கிலோ குறைத்திருக்கிறேன். பழங்களை அறவே நிறுத்திவிட்டேன். இப்போது மலச்சிக்கல் வாட்டுகிறது. பழத்தின் மீதான ஏக்கமும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாலை அடக்கிக்கொள்ள முடியாமல் ஒரு பெரிய கிண்ணம் நிறையத் திராட்சையைச் சாப்பிட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 190 காட்டியது. பயத்தில் அன்றிரவு தூக்கமே வரவில்லை. இனி எந்தப் பழத்தையும் நான் தொடவே கூடாதா? பேரீச்சையும் தேனும் இயற்கையானவை, அவற்றால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

பதில்: நீங்கள் பழம் சாப்பிடலாம். எவ்வளவு, எதற்குப் பதிலாக என்பதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது 190 என்ற அந்த எண்தான் என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

விரலைக் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? திராட்சையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துச் சாப்பிடும்போது அதன் சாறு விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குளுக்கோமீட்டர் எடுத்துக்கொள்ளும் ரத்தம் மிகச் சிறிய துளி என்பதால், அந்தத் துளியில் கலக்கும் பழச்சாறு இம்மியளவே இருந்தாலும் அளவை வெகுவாக உயர்த்திக் காட்டிவிடும். பழத்தைத் தொட்ட விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது போதாது. தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

கை சுத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த எண் உங்களுக்கு நோய் முற்றிவிட்டது என்பதைக் காட்டவில்லை. பெரிய கிண்ணம் என்றால் சுமார் 300 கிராம் திராட்சை இருந்திருக்கும். 100 கிராம் திராட்சையில் 18 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தோ 1 கிராம்கூட இல்லை. அப்படியானால் நாள் முழுவதற்கும் நீங்கள் ஒதுக்கியிருக்கும் 80 கிராமில் 54 கிராம், அதுவும் பெரும்பாலும் சர்க்கரையாகவே, சில நிமிடங்களில் உள்ளே போயிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பல வாரங்கள் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவரின் உடல், திடீரென்று வரும் சர்க்கரைச் சுமையைக் கையாளத் தற்காலிகமாகச் சற்று மந்தமாகிவிடுகிறது. குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் 3 நாட்களாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற விதி இருப்பதும் இதனால்தான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துப் பழங்களின் மீது தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

குறைந்த மாவுச்சத்து உணவைத் தொடங்குகிற பலரும் பழங்களை "சாப்பிடக்கூடியவை", "சாப்பிடக்கூடாதவை" என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துவிடுகிறார்கள். பிறகு, கூடாத பட்டியலில் உள்ளதைத் தொட்டாலே குற்ற உணர்வு, கூடும் பட்டியலில் உள்ளதைக் கணக்கில்லாமல் சாப்பிடுவது என்று இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. நான் என் நோயாளிகளிடம் கேட்டுக்கொள்வது வேறு. பழத்தை உங்கள் நாள் கணக்கில் எழுதுங்கள். அதை ஏற்கெனவே உள்ள தானியத்துக்கும் கிழங்குக்கும் மேலாகச் சேர்க்காமல், அவற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள். உங்கள் 80 கிராமில் 15 கிராமைப் பழத்துக்கென்று ஒதுக்கினால் மீதி 65 கிராமில் மற்ற உணவுகள் அடங்கிவிடும். பழம் என்பது கூடுதல் இல்லை, மாற்று என்று எடுத்துக்கொண்டால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் முறையை 1863இல் பரவலாக்கிய லண்டன்காரர் வில்லியம் பேண்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் குறைத்தாரே ஒழிய, மாலைத் தேநீரோடு 2, 3 அவுன்ஸ் பழத்தை, அதாவது 60 முதல் 85 கிராம் வரை, வைத்துக்கொண்டார். பழத்தை முற்றாக ஒதுக்கும் கடுமை பெரும்பாலும் கீட்டோ முறையைச் சார்ந்தது. அதில் ஒரு நாளின் மொத்த மாவுச்சத்தே 20 முதல் 50 கிராம்தான். அங்கே அவகாடோவும் கைப்பிடி அளவு பெர்ரிப் பழங்களும் தவிர வேறு எதற்கும் இடமிருக்காது. நீங்கள் கடைப்பிடிப்பது 80 கிராம் முறை. உங்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

15 கிராம் என்பது தட்டில் எவ்வளவு என்று பார்ப்போம். மொத்த மாவுச்சத்திலிருந்து செரிக்காத நார்ச்சத்தைக் கழித்துவிட்டு நான் சொல்லும் அளவுகள் இவை. தோலும் கொட்டையும் நீக்கிய எடை என்று கொள்ளுங்கள். ஸ்ட்ராபெர்ரி என்றால் 250 கிராம் வரை சாப்பிடலாம், அதாவது ஒரு கிண்ணம் நிறைய. தர்பூசணி 200 கிராம், பப்பாளி 160 கிராம், கொய்யாவும் ஏறத்தாழ அதே அளவு. ஆரஞ்சு என்றால் நடுத்தர அளவில் ஒன்று, ஆப்பிள் என்றால் சிறியது ஒன்று. மாம்பழத்தில் 110 கிராம், திராட்சையில் 85 கிராம், அதாவது பதினைந்து, பதினேழு திராட்சை. வாழைப்பழம் என்றால் நடுத்தரப் பழத்தில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். இவற்றில் எதுவும் தடை செய்யப்பட்டதில்லை என்பதையும், ஒரே 15 கிராமுக்குக் கிடைக்கும் அளவு பழத்துக்குப் பழம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். வயிறும் மனமும் நிறையச் சாப்பிட வேண்டும் என்கிற நாளில் ஸ்ட்ராபெர்ரியையோ கொய்யாவையோ பப்பாளியையோ எடுத்துக்கொள்ளலாம். மாம்பழத்தின் சுவைதான் வேண்டும் என்றால் நான்கைந்து துண்டுகளை மெதுவாகச் சாப்பிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த அளவுகளைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆப்பிள்தான் டாக்டர்" என்று உறுதியாகச் சொன்ன ஒருவரிடம், அடுத்த முறை வரும்போது அந்த ஆப்பிளையும் கொண்டுவரச் சொன்னேன். தராசில் வைத்தபோது 290 கிராம் இருந்தது. நடுப்பகுதியைக் கழித்தாலும் அதில் 30 கிராம் மாவுச்சத்து, அதாவது அவர் போட்டிருந்த கணக்கைப் போல இரண்டு மடங்கு. அவர் பொய் சொல்லவில்லை; இன்று கிடைக்கும் பழங்கள் அப்படிப் பெரிதாக இருக்கின்றன. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி 2 வாரம் எடை போட்டுச் சாப்பிட்டால், அதன் பிறகு கையே அளவைச் சொல்லிவிடும். பழுத்த பதமும் முக்கியம். வாழைக்காய் கனியும்போது அதிலுள்ள ஸ்டார்ச் படிப்படியாகச் சர்க்கரையாக மாறுகிறது; ஆகவே தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தைவிட, காம்பில் இன்னும் பச்சை தெரிகிற பழம் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும்.

பழச்சாற்றைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டிலேயே பிழிந்ததாக இருந்தாலும், சர்க்கரை சேர்க்காததாக இருந்தாலும், ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழங்கள் தேவைப்படுகின்றன; அதில் 25 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். ஆனால் பசி அந்த அளவுக்கு அடங்கவில்லை. மூன்றிலும் ரத்தச் சர்க்கரை ஏறியது ஒரே மாதிரிதான். ஆனால் முழுப் பழத்தைவிடச் சாற்றுக்கும் கூழுக்கும் இன்சுலின் அதிகமாகச் சுரந்தது; சாற்றுக்குப் பின்னர் சர்க்கரை சரேலென்று இறங்கியது. 2013இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு, அமெரிக்காவில் 1,87,000க்கும் மேற்பட்டோரின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் வந்திருந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை முடிவாக நிரூபிக்காது. ஆனாலும் நீங்கள் பயந்துபோன திராட்சையே அந்த நல்ல பட்டியலில் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

பேரீச்சையும் தேனும் இயற்கையானவை என்பது உண்மை. ஆனால் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்து உடல் சலுகை காட்டுவதில்லை. பெரிய வகைப் பேரீச்சை ஒன்றே ஒன்று உங்கள் 15 கிராமைத் தீர்த்துவிடும். உலர்திராட்சை என்றால் 20 கிராம், அதாவது உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தண்ணீர் வற்றிவிட்டதால் சர்க்கரை செறிந்துவிடுகிறது, எண்ணிக்கை தெரியாமல் வாய்க்குள் போய்விடுகிறது; எனவே குறைந்த மாவுச்சத்து உணவில் இருப்பவர்கள் உலர்பழங்களைத் தவிர்ப்பதே நல்லது. தேனையும் பழச்சாற்றையும் உலகச் சுகாதார நிறுவனம், நாம் கையால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை அந்த வகையில் சேர்ப்பதில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருந்தால் "இயற்கை" என்ற சொல் உங்களைக் குழப்பாது.

எப்போது சாப்பிடுவது என்பதற்கு உணவு வேளையை ஒட்டிச் சாப்பிடுங்கள் என்பது என் பதில். காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே சென்ற பிறகு பழம் வந்தால் இரைப்பையிலிருந்து மெதுவாகவே இறங்கும், சர்க்கரையும் நிதானமாக ஏறும். உணவுக்குப் பின் பழம் சாப்பிட்டால் அது வயிற்றில் அழுகிவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது என்றால், கொஞ்சம் பாதாமோ இனிப்பில்லாத தயிரோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 15 நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

உங்கள் மலச்சிக்கலைப் பழம் மட்டுமே தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும்; தானியத்தைக் குறைத்த கையோடு பழத்தையும் நிறுத்தியதால் உங்கள் நார்ச்சத்து வெகுவாகக் குறைந்திருக்கும். 160 கிராம் கொய்யாவில் 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து கிடைக்கிறது. அதே எடையுள்ள தர்பூசணியில் 1 கிராம்கூடக் கிடைக்காது. ஆகவே உங்களைப் பொறுத்தவரை கொய்யா, தோலுடன் பேரிக்காய், ராஸ்பெர்ரி போன்றவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். மீதியைக் கீரைகளும் காய்கறிகளும் போதிய தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். 2 வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ நேரில் காட்ட வேண்டும்.

நீங்கள் மெட்பார்மின் மட்டும் சாப்பிடுவதால் இந்த உணவு முறையில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும் வாய்ப்பு குறைவு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும், மருத்துவர் மருந்தின் அளவை மாற்றித் தராமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுக்கமும் வியர்வையும் வரும்போது, மேலே நான் மறுத்த அந்தப் பழச்சாறுதான் அரை கிளாஸ் அளவில் மருந்தாகிறது. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மருந்துகளோடு கடுமையான கீட்டோ உணவைச் சேர்த்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் இருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வாழைப்பழம், ஆரஞ்சு, அவகாடோ ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் அறவே தொடக் கூடாது, அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கொலஸ்ட்ராலுக்காகச் சிம்வாஸ்டேடின், அடோர்வாஸ்டேடின் சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தை (இது திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த பெரிய பழம்) தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது ரத்தத்தில் அந்த மருந்துகளின் அளவைக் கூட்டிவிடும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே திராட்சையை 85 கிராம் எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மதிய உணவில் தானியத்தை அதற்கேற்பக் குறைத்துவிட்டு, காய்கறியும் புரதமும் சாப்பிட்ட பிறகு திராட்சையைச் சாப்பிடுங்கள். உணவைத் தொடங்குவதற்கு முன் ஒரு முறையும், தொடங்கி 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும், ஒவ்வொரு முறையும் கையைக் கழுவித் துடைத்த பிறகு, சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். 2 மணி நேர அளவு 140க்குள் இருந்தால் அந்தத் திராட்சை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் அடுத்த முறை 50 கிராமாகக் குறைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பழமாக, வாரத்துக்கு ஒன்று வீதம் இதே மாதிரி செய்து பார்த்து, அந்தக் குறிப்பேட்டை அடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.