ஆட்டிறைச்சியும் மேய்ச்சல் நிலமும்

கேள்வி: ஐரோப்பாவில் ‘இயற்கை முறை’ முத்திரையோடு விற்கப்படும் செம்மறிக்குட்டி இறைச்சி, வழக்கமான முறையில் வளர்த்ததைவிடத் தரத்தில் உயர்ந்ததுதானா?

பதில்: முத்திரையைவிடக் குட்டி எதைத் தின்றது என்பதே முக்கியம். பசும்புல்லில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலமும் வைட்டமின் ஈ-யும் மிகுதி என்பதால், மேய்ந்து வளர்ந்த குட்டியின் கொழுப்பில், தானியம் தின்று கொழுத்ததைவிட ஒமேகா-3 கூடுதலாக இருக்கும். வைட்டமின் ஈ காப்பதால், வெட்டிவைத்த இறைச்சியின் சிவப்பு நிறமும் விரைவில் பழுப்பாகாது. வழக்கமான பண்ணைக் குட்டிகளும் புல்வெளியில் மேய்ந்திருந்தால், இந்த நன்மைகள் பெரும்பாலும் அவற்றுக்கும் உண்டு.

இரண்டுமே மேய்ச்சல் என்றால் வேறுபாடு எங்கே வருகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இயற்கைப் பண்ணைகளில் செயற்கைத் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அனுமதிப்பதில்லை. ஆகவே, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் வெள்ளைக் குளோவர் என்னும் பயறுவகைச் செடியைப் புல்லோடு கலந்து வளர்க்கிறார்கள். அதன் புரதம் ஆட்டின் முதல் இரைப்பையில் வேகமாகச் சிதைய, அங்குள்ள நுண்ணுயிர்கள் புரதத்திலுள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஸ்கேட்டோல் என்ற சேர்மத்தை உண்டாக்குகின்றன. அது கொழுப்பில் தங்கி, சமைக்கும்போது தொழுவ வாடையாக எழக்கூடும். குளோவர் மிகுந்த நிலத்தில் மேய்ந்த குட்டியின் இறைச்சி, சத்தில் சற்று முந்தினாலும் மணத்தில் பிந்துவதற்கு இதுவே காரணம் (விளம்பரத்தில் இதை எதிர்பார்க்க முடியாது!). வாடை பிடிக்காதவர்கள் கொழுப்பை நீக்கிவிட்டுச் சமைக்கலாம்.